ஆசிட் பட்ட முதல் நிமிடம்... தண்ணீர் எங்கே இருக்கிறது?

வேலையிலிருந்து வந்த உங்கள் வீட்டுக்காரரின் சட்டையைத் துவைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? முன்பக்கம், வயிற்றுப் பகுதியில், கடுகும் மிளகும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். "எலி கடிச்சிருக்கும்" என்று நீங்கள் நினைப்பீர்கள். எலி இல்லை. அவர் பேட்டரி கடையிலோ முலாம் பூசும் பட்டறையிலோ வேலை பார்க்கிறவர் என்றால், அது ஆசிட் போட்ட ஓட்டை!

சட்டையில் தெறிக்கும்போது அந்தச் சொட்டு அவருக்குத் தெரிந்திருக்காது. பேட்டரியில் இருக்கும் கந்தக அமிலம், அதாவது சல்ஃப்யூரிக் ஆசிட், தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போகாது. அதில் கலந்திருக்கும் தண்ணீர் மட்டும் காய்ந்து போகும்; ஆசிட் துணியிலேயே தங்கும். காயக் காய அதன் வீரியம் கூடும். பருத்தி நூலை அரித்துவிடும். மறுநாள் துவைக்கும்போது அந்த இடம் பொடிப்பொடியாக உதிரும்.

சட்டை போனால் போகட்டும், வேறு வாங்கலாம். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். வயிற்று உயரத்தில் தெறித்த சொட்டு, அவர் குனிந்திருக்கும்போது முகத்து உயரத்தில் தெறிக்க எவ்வளவு நேரமாகும்? அந்தச் சட்டை ஓட்டைகள் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பேட்டரி கடை மட்டுமில்லை. கோவை நகைப் பட்டறைகளில் நைட்ரிக் ஆசிட் புழங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளில் தோலைப் பதப்படுத்த ஆசிட் வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க பார்மிக் ஆசிட் வேண்டும். ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் கழிவறை கழுவும் அம்மாவின் கையில் இருக்கும் பாட்டிலிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். "நாங்க சும்மா பாத்ரூம் ஆசிட்தானே யூஸ் பண்றோம்" என்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

முட்டையை வாணலியில் உடைத்து ஊற்றுகிறீர்கள். கண்ணாடி போல இருந்த வெள்ளைக்கரு சில விநாடிகளில் கெட்டியாகி வெள்ளையாகிறது. இல்லையா? அதில் உள்ள புரதம் சூட்டினால் உறைந்துபோனது. ஆசிட், நெருப்பே இல்லாமல் நம் தோலின் புரதத்தை அப்படித்தான் உறைய வைக்கிறது. உறைந்த இடம் கெட்டியாக, தோல்பை மாதிரி ஆகிவிடும். நைட்ரிக் ஆசிட் பட்டால் மஞ்சள் நிறம். அடர்ந்த கந்தக அமிலம் பட்டால் பழுப்பு, கறுப்பு. நகைப் பட்டறைக்காரர்களின் விரல் நுனி மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நைட்ரிக்கின் கையெழுத்து.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆசிட்டுக்கு நேர் எதிரான காரப் பொருள்கள், அதாவது சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா போன்றவை, பெரும்பாலும் ஆசிட்டை விட ஆழமாகப் போகும். ஆசிட் உறைய வைக்கும் அந்தக் கெட்டித் தோலே ஓரளவுக்குத் தடுப்பாக நிற்கும். காரமோ புரதத்தைக் கரைத்துக் கூழாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அதனால் 'ஆசிட் இல்லை, வெறும் சோடாதான்' என்று யாராவது சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம். தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஆசிட் தொட்டிக்கும் ஒரே மரியாதை தர வேண்டும்.

நெருப்புக் காயத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் நேரம்தான். அடுப்புச் சூடு பட்டால், கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் சுடுவது நின்றுவிடும். ஆசிட் அப்படி நிற்காது. தோலில் இருக்கும் வரை அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆட்டோ பிடிக்கப் போகும்போதும் நடக்கும், முதலாளிக்குப் போன் போடும்போதும் நடக்கும், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போதும் நடக்கும். காயம் எவ்வளவு ஆழம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கழியும் அந்த முதல் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் அங்கே இருக்கப் போவதில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவர்தான் இருப்பார்.

"ஆசிட்ல தண்ணி ஊத்தக்கூடாதே?"

இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. ஒருவர் மேல் ஆசிட் கொட்டிவிட்டது. பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் சுற்றி நிற்பவர்கள், "வேணாம்ணே, ஆசிட்ல தண்ணி பட்டா பொங்கும்னு சொல்லுவாங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு நல்ல விதியைத் தப்பான இடத்தில் பொருத்துவதால் வருகிற விபரீதம் இது.

அந்த விதி என்ன? அடர்ந்த கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்; ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஏன்? இரண்டும் சேரும்போது பயங்கரச் சூடு கிளம்பும். ஒரு வாளி ஆசிட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால், அந்தக் கொஞ்சத் தண்ணீர் அந்த நிமிடமே கொதித்து, ஆசிட்டையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும். அங்கே ஆசிட் அதிகம், தண்ணீர் கொஞ்சம்.

உடம்பில் பட்டிருப்பது? சில சொட்டு, மிஞ்சிப் போனால் ஒரு கை ஆசிட். அதன் மேல் நீங்கள் ஊற்றப் போவது வாளி வாளியாகத் தண்ணீர். கிளம்பும் சூட்டை அந்தத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். ஆசிட்டும் நீர்த்துப் போய்க் கீழே ஓடும். அதனால் யோசிக்கவே வேண்டாம். ஊற்றுங்கள்! ஆனால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது, ஒரு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்துவது... இதுதான் கூடாது. ஊற்றினால் நிறைய ஊற்ற வேண்டும்.

எவ்வளவு நேரம்? குறைந்தது இருபது நிமிடம். "எரிச்சல் நின்னுடுச்சு, போதும்" என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்தாதீர்கள். மேலே உள்ள ஆசிட் போனாலும் தோலின் உள்ளடுக்கில் ஊறியது மெதுவாகத்தான் வெளியே வரும். நிறுத்திய பிறகு மறுபடி சுருக்கென்றால் மறுபடி கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஒரு கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊற்றியபடியே போகலாம்.

கழுவ ஆரம்பித்தபடியே துணியைக் கழற்ற வேண்டும். முதலில் துணி, அப்புறம் தண்ணீர் என்று காத்திருக்கக் கூடாது. ஆசிட் நனைந்த பனியனைத் தலை வழியாக உருவினால் அது முகத்தைத் துடைத்துக்கொண்டு வரும். கத்தரியால் வெட்டி எடுங்கள். வாட்ச், மோதிரம், அரைஞாண் கயிறு, கொலுசு, செருப்பு எல்லாம் போக வேண்டும். அவற்றுக்கு அடியில்தான் ஆசிட் ஒளிந்திருக்கும். உதவுகிறவர் கிளவுஸ் போட்டுக்கொள்ளட்டும்; இல்லாவிட்டால் இரண்டு பேஷண்ட் ஆகிவிடும். கழுவும் தண்ணீர் நல்ல தோலின் மேல் வழியாமல், காயத்திலிருந்து நேராகத் தரைக்கு ஓடும்படி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் நடுவே புடவையைக் களையக் கூச்சப்பட்டு, ஆசிட் ஊறிய துணியோடேயே ஆஸ்பத்திரி வரை போகிறவர்கள் உண்டு. நைலக்ஸ் மாதிரித் துணி தோலோடு ஒட்டிக்கொண்டு காயத்தைப் பெரிதாக்கும். பெண்கள் வேலை செய்யும் இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மறைப்புத் திரையும் ஒரு மாற்று நைட்டியும் இருக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். திரை இல்லையென்றால் கூட வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் சேலையை விரித்துச் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளுங்கள். வெட்கம் பார்க்கும் நேரமில்லை அது.

கண்ணுக்கு விநாடிக் கணக்கு

கண்ணில் பட்டுவிட்டால் நிமிடக் கணக்கு கூட அதிகம். கருவிழி என்பது மெல்லிய கண்ணாடி ஜன்னல் மாதிரி. அதன் விளிம்பைச் சுற்றி இருக்கும் செல்கள்தான் வாழ்நாள் முழுக்க அந்த ஜன்னலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த விளிம்பு வெந்துபோனால், பிறகு கருவிழி மாற்று ஆபரேஷன் செய்தாலும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். கண்தான விழி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

ஆசிட் பட்ட கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். வலி அப்படி. மூடிய கண்ணின் மேல் எத்தனை வாளி ஊற்றினாலும் உள்ளே போகாது. அதனால் ஒருவர் இரண்டு விரலால் இமைகளைப் பிரித்துப் பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடட்டும். அப்போதுதான் அடுத்த கண்ணுக்குப் பரவாது. வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். மெதுவான, நிற்காத ஓட்டம் போதும். மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இமைக்கு அடியிலும் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீர் எதுவானாலும் சரி. சுத்தமான தண்ணீர் தேடி ஓடி விநாடிகளைத் தொலைக்காதீர்கள்.

அப்புறம் நேராகக் கண் டாக்டர். பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது என்று அன்றைக்கு விட்டுவிட்டு மூன்று நாள் கழித்துப் போகக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். தோல் காயத்துக்கும் அப்படித்தான்: பற்பசை, இங்க், மஞ்சள், காபிப் பொடி பூசினால் டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். "ஆசிட்டுக்கு எதிரி சோடா உப்பு, அதைப் போடு" என்று ஒரு புத்திசாலி எப்போதும் இருப்பார். தரையில் சிந்திய ஆசிட்டுக்கு அது சரி. தோலில் வேண்டாம். இரண்டும் சேரும்போது அங்கேயும் சூடு கிளம்பும், தேடி எடுத்துவர நேரமும் போகும்.

மூன்று நயவஞ்சகர்கள்

எல்லா ஆசிட்டும் பட்டவுடன் கத்த வைக்காது. சில ஆசிட்கள் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

முதல் ஆள் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். கண்ணாடியில் பூ வேலை செய்கிற இடங்களிலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் கறையை எடுக்கும் பேஸ்ட்டிலும், சில துரு நீக்கிகளிலும் இருக்கும். வீரியம் குறைவானது பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகு விரலுக்குள் எலும்பைத் துளைப்பது போல வலிக்க ஆரம்பிக்கும். அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அடர்ந்த ஹைட்ரோஃப்ளூரிக் உள்ளங்கை மூன்று அளவு இடத்தில் பட்டு உயிரே போயிருக்கிறது. இதற்கு மட்டும் தண்ணீரோடு சேர்த்து ஒரு மாற்று மருந்து உண்டு: கால்சியம் குளுக்கோனேட் ஜெல். அந்த ஆசிட்டைப் பயன்படுத்துகிற இடத்தில் முதலுதவிப் பெட்டியில் அது கட்டாயம் இருக்க வேண்டும். டாக்டரிடம் "ஆசிட்" என்று மட்டும் சொல்லாமல், என்ன ஆசிட் என்று சொல்லுங்கள். லேபிளைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். வைத்தியமே அதனால் மாறும்.

இரண்டாவது, நைட்ரிக் ஆசிட்டின் புகை. ஒரு பங்கு நைட்ரிக்கும் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்தால் ராஜ திராவகம், தங்கத்தையே கரைக்கும். பட்டறையில் உலோகம் கரையும்போது எழும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் லேசான இருமல்தான் இருக்கும். சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். அந்தப் புகை நன்றாக அடித்துவிட்டது என்றால், "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டில் படுக்க விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும்.

மூன்றாவது, ரப்பர் தோட்டத்து பார்மிக் ஆசிட். சில வகை எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அதற்குக் காரணமான ஆசிட்தான் இது. ஆனால் கேனில் வருவது எறும்பிடம் இருப்பது போல ஒரு துளி இல்லையே! கடையில் வாங்குவது பொதுவாக நூற்றுக்கு 85 பங்கு வீரியம் உள்ளது. நிறையத் தண்ணீரில் கலந்து மிக லேசாக்கிய பிறகுதான் பாலில் ஊற்றுவார்கள். கலக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அபாயம். உடம்பில் பெரிய இடத்தில் பட்டால் தோல் வழியாக ரத்தத்திலும் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதில் எனக்குப் பெரிய கவலை வேறு. ரப்பர் பால் உறைய வைப்பது பல இடங்களில் வீட்டு முற்றத்திலேயே நடக்கிற வேலை. ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றிச் சமையலறை ஓரத்தில் வைக்கிறார்கள். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது ஒரு முறை வெந்த உணவுக்குழாய், ஏறும்போது மறுபடி வேகும். உப்புக் கரைசலும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வராமல் தடுக்க

கிளவுஸ், கண்ணாடி என்று ஆரம்பிப்பார்கள் எல்லோரும். நான் தண்ணீரில் ஆரம்பிக்கிறேன். ஆசிட் கேனின் மூடியைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "தண்ணி எங்கே?" பதில் பத்து விநாடி நடையில் இருக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளில் பின்பற்றும் அமெரிக்கத் தரவிதி அப்படித்தான் சொல்கிறது. கண் கழுவ மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு வாளி போதவே போதாது. சின்னப் பட்டறைக்காரர் கண் கழுவும் கருவி வாங்க முடியாவிட்டாலும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குழாயும் அதில் மாட்டிய நீளமான ரப்பர் ஹோஸும் வைக்கலாம். மின்வெட்டு வந்தாலும் தண்ணீர் வரும். ஹோஸை நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் கொதிக்கும். வாரம் ஒரு நாள் திறந்து பாருங்கள். பல இடங்களில் அவசரக் குழாயின் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்.

இனி உடை. கைலி, ரப்பர் செருப்போடு ஆசிட் வேலை கூடாது. நூல் கிளவுஸ், தோல் கிளவுஸ் போட்டால் போடாததை விட மோசம். ஆசிட்டை உறிஞ்சிக் கையோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். தடித்த ரப்பர் அல்லது நியோப்ரீன் கிளவுஸ் வாங்குங்கள். அடர்ந்த நைட்ரிக் சில வகைக் கிளவுஸையே தின்றுவிடும் என்பதால் வாங்கும்போது என்ன ஆசிட் என்று சொல்லிக் கேளுங்கள். கையை உயர்த்திச் செய்யும் வேலையென்றால் கிளவுஸின் விளிம்பை வெளிப்புறம் மடித்துவிடுங்கள். வழிகிற சொட்டு அந்த மடிப்பில் தங்கும், முழங்கைக்கு ஓடாது. பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகாதீர்கள், வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் காலில் வழியும் ஆசிட் நேராக பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கும். சாதாரண மூக்குக்கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. ஓரங்கள் மூடிய கண்ணாடி வேண்டும். பெரிய அளவில் ஊற்றும் வேலைக்கு அதன் மேல் முகக் கவசமும்.

ஊற்றும் முறையில்தான் பாதி விபத்து. முப்பது லிட்டர் கேனைத் தோளில் சாய்த்து ஊற்றுவது, குழாயில் வாய் வைத்து உறிஞ்சி எடுப்பது... இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். சாய்த்து ஊற்றும் ஸ்டாண்டும், கையால் அடிக்கும் பிளாஸ்டிக் பம்ப்பும் கிடைக்கின்றன. வெயிலில் கிடந்த கேனுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். மூடியைச் சட்டென்று திருகாமல், முகத்தைத் தள்ளி வைத்து மெதுவாகத் தளர்த்துங்கள். காலியான ஆசிட் டிரம்மை வெல்டிங் வைத்து வெட்டுவது இன்னொரு பயங்கரம். நீர்த்த ஆசிட் இரும்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் உண்டாகும். தீப்பொறி பட்டால் டிரம் வெடிகுண்டு.

அதே ஹைட்ரஜன்தான் பேட்டரி கடையிலும் எதிரி. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து அது வெளியே வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். வெடித்தால், உள்ளே மூன்றில் ஒரு பங்கு வீரியத்தில் இருக்கும் ஆசிட் குனிந்து பார்க்கிறவரின் முகத்தில் அடிக்கும். சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள். வண்டியில் கழற்றும்போது பாடியோடு சேரும் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். தண்ணீர் அளவு பார்க்க லைட்டர் வெளிச்சம் காட்டவே கூடாது. பீடி, சிகரெட்டும் அங்கே வேண்டாம். சார்ஜ் போடும் அறைக்கு ஜன்னல் இருக்கட்டும்.

கழிவறை சுத்தம் செய்கிறவர்களுக்கு: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் போட்டால் "பளிச்"சென்று ஆகும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது மூச்சையே நிறுத்தும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. சேர்த்து ஒருபோதும் வேண்டாம்.

எந்தப் பாத்திரத்தில் ஆசிட் இருந்தாலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். இன்று பல பட்டறைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் வேலை பார்க்கிறார்கள். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? கையின் மேலும் ஒரு கட்டையின் மேலும் சொட்டு விழுந்து அரிப்பது போன்ற படம் ஒன்று உலகம் முழுக்க உண்டு. அதை ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு

"என்ன கெமிக்கல்னு கேட்டா முதலாளி கோவிச்சுக்குவாரு" என்று பயப்படுகிறவர்களுக்காக: 1984-ல் போபால் விபத்து நடந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. தொழிலாளி கையாளும் பொருளின் ஆபத்து என்ன, தற்காப்பு என்ன என்பதை நிர்வாகம் அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அப்போது சட்டமானது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இ.எஸ்.ஐ. இருக்கிறவர் வேலையில் காயம்பட்டால், சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு கிடைக்கும். அதற்கு விபத்து நடந்த அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். "வீட்ல பாத்ரூம் கழுவும்போது கொட்டிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிடு, செலவை நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது கெஞ்சினால் அந்தப் பேச்சில் மயங்காதீர்கள். ஆறு மாதம் கழித்து விரல் மடங்காமல் நிற்கும்போது அந்த வாக்குறுதி இருக்காது.

காயம் ஆறிய பிறகும்

முகம், கண், கை, மூட்டு, பிறப்புறுப்பு, இந்த இடங்களில் பட்ட காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உள்ள இடம் நல்லது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்படி ஒன்று இருக்கிறது. ஆசிட் காயத்தின் ஆழம் முதல் நாள் சரியாகத் தெரியாது. அதனால்தான் டாக்டர் "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்கிறார். போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தோல் மூடிவிட்டால் வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள் பலர். தழும்பு அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை அது சுருங்கிக்கொண்டே இருக்கும். விரலையோ முழங்கையையோ தன் பக்கம் இழுக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் நீட்டி மடக்கும் பயிற்சியைத் தினமும் பல தடவை செய்ய வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டில் பாவம் பார்த்து விட்டுவிட்டால், பிறகு ஆபரேஷன்தான். புதுத் தோலில் எண்ணெய்ச் சுரப்பி சரியாக இருக்காது, வறண்டு அரிக்கும். டாக்டர் சொன்ன கிரீமையோ தேங்காய் எண்ணெயையோ மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். இறுக்கமான உடுப்பு கொடுத்திருந்தால், புழுக்கமாக இருக்கிறதென்று கழற்றிப் போடாமல் சொன்ன மணி நேரம் போட்டிருக்கட்டும். வெயில் பட்டால் தழும்பு நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதனால் மறுபடி பட்டறைக்குப் போக ஆரம்பிக்கும்போது முழுக்கைச் சட்டைதான் போட வேண்டும்.